சிமெண்டுத் தரையோடு சரி

மிக்சியின் அடித்தட்டில் இருப்பது நாலே திருகாணிகள். இரண்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவதன் மேல் விரலை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் ரிப்பேர் கடைக்காரர். "கொஞ்சம் சீக்கிரம்" என்றால், "அவசரப்படுத்தாதீங்க சார், உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார். மிக்சிக்குள் என்ன, புலியா இருக்கும்? ஆனால் பட்டாளத்தில் கண்ணிவெடி தோண்டியெடுத்த கைகளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே 'நிதானம்'தான்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போர்முனையில் போய்விட்டது. இப்போதிருப்பது பொய்க்கால். அதை வைத்துக்கொண்டு நன்றாகவே நடக்கிறார், ஆனால் சிமெண்டு, தார் இவற்றோடு சரி. மண்ணைக் கண்டால் நின்றுவிடுவார். ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதைத் தாண்டினால் அவர் வீடு. அவரோ தெருவையே சுற்றிக்கொண்டு போவார். "பொய்க்கால் தைரியமாத்தான் இருக்கு சார். சொந்தக் கால்தான் வரமாட்டேங்குது" என்று அவரே சிரிப்பார். மகள் பின்னாலேயே, அவர் அடிவைத்த இடத்தில் அடிவைத்து வருவாள். விளையாட்டு என்று நினைத்தோம்.

அவரைக் குடைவது வேறொன்று. வெடி புதைத்த நிலத்தில், முன்னால் போகிறவனின் தடத்தில்தான் பின்னால் வருகிறவன் கால் வைக்க வேண்டும். அப்படித்தான் வைத்தார். "அதே தடம் சார். அவன் வச்சான், ஒண்ணும் ஆகல. நான் வச்சேன், வெடிச்சிடுச்சு. எப்படி?" இதை அவர் கேட்காத ஆளில்லை. நானும் மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்துவிட்டேன். தலையெழுத்து என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். மகள் மைதானத்தில் இறங்குவதே இல்லையாம், பந்து பக்கத்தில் வந்து விழுந்தாலும் படியிலேயே நிற்கிறாளாம். அவர் மனைவி பொரிந்து தள்ளிவிட்டார்: "நீங்க சண்டைக்குப் போனீங்க, சரி. அவ எந்தச் சண்டைக்குப் போனா?"

"பயப்படுன்னு நான் ஒருநாளும் சொல்லலையே சார்" என்று என்னிடம் வந்து குழம்பினார். சொல்லத்தான் இல்லை.

மறுநாள் மாலை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். மகள் படியில் நின்றிருந்தாள்.

"இறங்கு கண்ணு."

"நீங்க முதல்ல இறங்குங்கப்பா."

வெகுநேரம் நின்றார். பொய்க்காலை மண்ணில் வைத்தார். நெற்றி வியர்த்துக் கொட்டியது. அப்புறம் சொந்தக் காலையும் வைத்தார். இன்னும் ஓரடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மகள் இறங்கத் தயாராகியிருந்தாள். குனிந்து, அப்பாவின் தடத்தைத் தேடி, அதற்குள் தன் சின்னச் செருப்பைப் பொருத்தப் போனாள்.

"அதுல வேணாம்மா."

பொய்க்காலை ஒரு பக்கம் நீட்டி, தட்டுத்தடுமாறிக் குனிந்து, அந்தத் தடத்தை உள்ளங்கையால் அழித்தார்.