மச்சான் தந்த காந்தம்

சுராபாயா நகரத்தில் வொனொகுரோமோ பக்கம் செங்கல் சூளை சாமிஜானுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவன் கப்பலில் போய் மக்காசாரிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டான். அடுத்தவள் சிதோவார்ஜோவில் வாழ்க்கைப்பட்டாள். மூன்றாவதுதான் சுகிமின். அவனுக்குக் கீழே இரண்டு பேர், இரண்டு பேருமே இப்போது இல்லை.

சுகிமின் சுராபாயா தெருக்களில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். வயது ஐம்பத்தெட்டு. நாற்காலித் தொழிற்சாலை மூடின பிறகு வண்டிக்கு வந்தவன். காலையில் ஏறி உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும், மத்தியானம் மறுபக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் இழுக்க ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவன் பிழைப்பெல்லாம் போனில் இருக்கிற ஒரு கணக்கு. கம்பெனி அந்தக் கணக்கு வழியாகத்தான் சவாரி அனுப்பும். இந்த வயதுக்காரர்களை இப்போது புதிதாகச் சேர்ப்பதில்லை. பழைய கணக்கு இருக்கிறவரைக்கும் ஓட்டலாம், மூடிவிட்டால் அத்தோடு சரி.

மழைக்காலம் முடிந்து சவாரி குறைந்தபோது அவன் மனைவி தர்மி தன் அண்ணனிடம் சொல்லி அழுதாள். அண்ணன் மர்த்தோயோ ஊதுவத்தி, விரதம், மந்திரம் என்று இருக்கிறவர். போனை மந்திரித்து வாங்குவது அங்கே வண்டிக்காரர்களுக்குள் சகஜம்தான். சிலர் பூ ஊறின தண்ணீரால் துடைப்பார்கள், சிலர் சாம்பிராணி காட்டுவார்கள். மர்த்தோயோ உப்பில்லாத வெறுஞ்சோறும் தண்ணீருமாக ஒரு வாரம் கிடந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் காந்தத்தோடு வந்து நின்றார்.

"இது இரும்பை மட்டும் இழுக்குறது இல்ல மாப்ள, ஆளையும் இழுக்கும். போனுக்குப் பின்னாடி உறைக்குள்ள வச்சுக்க. எடுக்கவே கூடாது."

"நீங்க இப்பிடி இளைச்சுப் போயிருக்கீங்களே மச்சான்."

"உனக்காகத்தான இளைச்சேன். என் தங்கச்சி முகத்துல சிரிப்பு வரட்டும்."

அப்படிச் சொன்ன பிறகு எவன் மறுப்பான்? சுகிமின் உறையைக் கழற்றி வைத்துக்கொண்டான்.

வந்தது வேறு வினை. புதுக் குடியிருப்புகளில் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும். சுகிமினுக்குக் கண் மங்கல், வரைபடத்தில் இருக்கிற பொடி எழுத்தெல்லாம் தெரியாது. தன் வண்டியைக் காட்டுகிற நீல அம்பின் மூக்கு, ஆள் நிற்கிற புள்ளியைப் பார்க்கிறவரை வண்டியைத் திருப்பி, அந்தப் பக்கம் போவான். இத்தனை வருஷமும் அந்த அம்பு அவனைக் கைவிட்டதில்லை. இப்போது சந்து முனையில் நின்று பார்த்தால், வண்டி ஆற்றைப் பார்த்துத் திரும்பினபோதுதான் அம்பு புள்ளியைக் காட்டியது. ஆற்றுப் பக்கம் போனான். போன் அடித்தது.

"நான் மசூதி வாசல்ல நிக்கிறேங்க. நீங்க எதுக்கு என்னை விட்டு ஓடிட்டே இருக்கீங்க?"

"இந்தா வந்துட்டேம்மா, வந்துட்டேன்."

"வேணாங்க, வேற வண்டி பாத்துக்கிறேன்."

இப்படி ஒன்று போனது, இன்னொன்று போனது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வெயிலில் நிற்கவைத்துவிட்டு இரண்டு சுற்று சுற்றினான். அவள் புகார் எழுதினாள். ரயில் கேட்டோரக் காப்பிக் கடையில் வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்தில் விஷயம் பரவிவிட்டது.

"அண்ணே, உங்க வண்டிக்கு முகம் முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா?" என்றான் காஸ்முரி.

"உன் வாய் இருக்கிற பக்கம் இல்ல, அது போதும்."

"கோவிக்காதீங்க. நாளைக்கு என்னைய ஏத்திக்கிட்டுப் போங்க, கடலைத் தாண்டி மதுரா தீவுக்கே போய்ச் சேந்துருவோம்."

சிரித்தார்கள். சுகிமினும் சிரித்து வைத்தான். காப்பி கசந்தது.

கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. இந்த வாரத்துக்குள் இன்னொரு புகார் வந்தால் கணக்கு மூடப்படும். சுகிமின் நேராக மச்சானிடம்தான் ஓடினான். மர்த்தோயோ கண்ணை மூடி யோசித்து, "யாரோ எதிர்வேலை பண்றான்" என்று சொல்லி, முதலில் தந்ததைவிடப் பெரிதாக இன்னொரு காந்தத்தைக் கொடுத்தார். அதையும் வைத்தான். மறுநாள் அம்பு நிற்கவே இல்லை, பேய் பிடித்த மாதிரி சுற்றியது.

போன் கெட்டுவிட்டது என்று பயந்து சந்தைக்குப் பின்னால் இருந்த விவிக்கின் கடைக்குப் போனான். போன் பழுது பார்க்கிற பெண். அன்று அவளுக்குக் காய்ச்சல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே உறையைக் கழற்றினாள்.

"இது என்னண்ணே, முதுகுல ரெண்டு பெரிய மரு?"

"அது... வீட்டு விஷயம்."

அவள் காந்தங்களை எடுத்துத் தூர வைத்தாள். அம்பு மெல்ல அடங்கியது. ஒன்றைக் கிட்டே கொண்டுவந்தாள். அம்பு நாய்க்குட்டி மாதிரி அதன் பின்னாலேயே திரும்பியது.

"உள்ள ஒரு திசைகாட்டி இருக்கு, அரிசி நொய் அளவுதான். பூமியே ஒரு காந்தம் இல்லையா, அதோட இழுப்பைத் தொட்டுப் பாத்து வடக்கு எதுன்னு சொல்லும். அந்த இழுப்பு ரொம்ப மெல்லிசு. காதுக்குள்ள ஒருத்தன் கத்திக்கிட்டே இருந்தா தெருவுல முணுமுணுக்கிறவன் பேச்சு கேக்குமா?"

"ஓடுறப்போ சரியாத்தானம்மா காட்டுது?"

"ஓடுறப்போ இங்க இருந்து அங்க வந்துட்டாருன்னு சாட்டிலைட்டை வச்சே திசையைப் புரிஞ்சுக்கும். நின்னுட்டீங்கன்னா நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியாது. அப்பத்தான் இந்த நொய்யைக் கேக்கும்."

"போனைச் சாய்ச்சா படமும் சாயுதே, அதுவும் காந்தமா?"

"அது வேற. கண்ணுக்குத் தெரியாத ஒரு எடைய மெல்லிசான வில்லுல தொங்கவிட்டிருக்கான். போன் சாஞ்சா அதுவும் சாயும். காதுல வச்சா திரை அணையுதுல்ல, அதுக்கு ஒரு சின்ன விளக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை விட்டு, கன்னத்துல பட்டுத் திரும்புதான்னு பாக்குது. எதுக்கும் கண்ணு கிடையாதுண்ணே. எல்லாம் இருட்டுல தடவித் தடவித்தான் சொல்லுது."

சுகிமின் போனைக் கையில் வாங்கிப் பார்த்தான். இத்தனை பேர் உள்ளே வேலை செய்கிறார்கள் என்று தோன்றியது. ஒருவருக்கும் ஓய்வு இருப்பதாகத் தெரியவில்லை.

"இதை எடுக்காம வேற வழி இருக்காம்மா? மச்சான் பட்டினி கிடந்து கொண்டாந்தது."

"மச்சான் வேணுமா, கணக்கு வேணுமா?" என்றவள் தும்மினாள். "எடுத்துட்டு, போனைக் காத்துல எட்டுப் போடுற மாதிரி ஆட்டுங்க. வடக்கைத் திருப்பிக் கத்துக்கும்."

கடை வாசலில் நின்று வெயிலில் எட்டு எட்டாக ஆட்டினான். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

வீட்டில் தர்மி தெம்பே என்கிற புளித்த சோயாத் துண்டுகளை வறுத்துக்கொண்டிருந்தாள். காந்தங்களை எதிரில் வைத்தான். அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணன் கேட்டா?"

"என்னத்தைச் சொல்ல?"

தர்மி அடுப்பை அணைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டையும் எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டாள்.

"பானையில இருக்குன்னு நானே சொல்லிக்கிறேன். ஆளை இழுத்தது போதும், அரிசியையாச்சும் இழுக்கட்டும்."

அந்த வாரத்தில் மிச்ச நாளெல்லாம் ஒவ்வொரு சந்து முனையிலும் சுகிமின் வண்டியை நிறுத்தி அம்பை இரண்டு தரம் பார்த்தான். அம்பு மசூதியைக் காட்டினால் மசூதி இருந்தது, பள்ளிக்கூடத்தைக் காட்டினால் பள்ளிக்கூடம் இருந்தது. ஒருவரும் போன் அடித்துத் திட்டவில்லை.

சனிக்கிழமை காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. எழுத்துப் பொடியாக இருந்ததால் காஸ்முரிதான் வாசித்தான். "கணக்குத் தொடரும்னு போட்டிருக்கான். தப்பிச்சீங்கண்ணே! காப்பி உங்க செலவு."

முதுகில் தட்டினார்கள். சுகிமின் தலையை ஆட்டினான். கணக்கை மூடிவிட்டால் திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று அந்த வாரத்தில் ஏதோ ஒரு வேளையில் அவன் நினைத்திருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. தர்மியிடமும் சொல்லமாட்டான்.

போன் கூவியது. சவாரி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.