வெள்ளிக்கிழமைகளில் வந்த இத்தாலி

அப்பாவின் இத்தாலிப் படங்களில் திருநீற்று வாசம் அடிக்கும். வெள்ளிக்கிழமை மாலைகளில் கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் அம்மா, கைப்பையிலிருந்து அருச்சனைப் பொட்டலத்தோடு ஒரு படத்தையும் எடுத்து நீட்டி, "அங்கையிருந்து வந்த ஆக்களிட்டை அப்பா குடுத்துவிட்டிருக்கிறார்" என்பார். தூண்கள், மணிக்கூண்டுகள், இடிந்த அரங்குகள். எதிலும் அப்பா இருக்கமாட்டார், படம் எடுப்பவர் எப்படிப் படத்தில் நிற்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பின்புறத்தில் நீல மையில், "எந்த ஊர், சொல்லு பாப்பம்" என்றிருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட நூலகத்தின் தடித்த புத்தகங்களைக் குடைந்து விடையை எழுதி அம்மாவிடம் கொடுத்தால், அடுத்த வெள்ளியே "சரி" என்று பதில் வந்துவிடும். இத்தாலியிலிருந்து பதில் எவ்வளவு "கெதியா" வந்துவிடுகிறது என்று வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன், அவ்வளவு மொக்கு. "பத்தும் சரியாச் சொன்னால் அப்பா வந்திடுவார்" என்று அம்மா சொல்லியிருந்ததால், எனக்கு அது விளையாட்டே இல்லை.

ஒன்பதும் சரி. பத்தாவது படத்தில் பெரிய குவிமாடம், கீழே தூண்கள், ஓரத்தில் ஒரு தென்னோலை. ரோமில் ஏது தென்னை? போன மாதம்தான் வகுப்புத் தோழியின் தங்கையுடைய முதல்நன்மைப் பூசைக்குப் போய் அந்த வாசலில் நின்றிருந்தேன்.

"அம்மா, இது கொட்டாஞ்சேனைச் சேர்ச்! அப்பா வந்திட்டார்!" என்று துள்ளினேன்.

அம்மா யன்னலைச் சாத்தினார். "வாயை மூடு பிள்ளை. சனத்துக்குக் கேக்கப்போகுது."

அடுத்த வெள்ளி என்னையும் கூட்டிப்போனார். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடி அறையில், சாரம் கட்டியபடி அப்பா இருந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன "ஏஜென்சிக்காரன்" ஏமாற்றிவிட, விமானத்தைக் கண்ணால்கூடக் காணாமல், மாலை போட்டு வழியனுப்பிய எங்கள் ஒழுங்கைச் சனத்திடம் எந்த முகத்தோடு திரும்புவது என்று, இரண்டு வருடமாக அந்தக் கடையில் துணி வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். படங்கள், உண்மையிலேயே இத்தாலி போய்ச் சேர்ந்த சிநேகிதர் ஒருவர் அனுப்பியவை. அவை தீர்ந்துபோக, பக்கத்தில் இருந்த சேர்ச்சைத் தானே படம் எடுத்திருக்கிறார்.

"கெட்டிக்காரி! பத்தும் சரி" என்று சிரித்தபடி கையை நீட்டினார். நான் போகவில்லை. வெள்ளிதோறும் அம்மாவுக்கு அவர் இருந்தார், அவருக்கு அம்மா இருந்தார். எனக்கு மட்டும்தான் இத்தாலி. அன்று மூண்ட ஆத்திரம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

அன்றுகூட அவர் எங்களோடு வரவில்லை. சில மாதம் கழித்து, புறக்கோட்டைச் சந்தையில் வாங்கிய சொக்லேட்டுகளோடு ஒரு வாடகைக் காரில் வந்து இறங்கினார். பார்க்க வந்தவர்கள், "வெளிநாட்டுக் குளிருக்கு நல்லா வெள்ளைச்சுப் போனார்" என்றார்கள். கடைக்குள்ளேயே அடைந்து கிடந்த வெளிறல் அது. சொக்லேட்டைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் நீட்டியது நான்தான்.

அப்பா இப்போது இல்லை. மாலை போட்ட சனம் கனடாவிலும் லண்டனிலும். ஒழுங்கையில் வீடுகள் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடிகள். யாருக்குப் பயந்து ஒளித்தோமோ, அவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஆனாலும் போன திவசத்தன்று, மாலை சாத்திய அப்பாவின் படத்தைப் பார்த்து என் மகள் கேட்டாள்:

"தாத்தா இத்தாலியிலை எந்த ஊரிலை இருந்தவர்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாழையிலையைத் துடைத்துக்கொண்டே, "ரோம்" என்றேன்.