நான் விட்டுவிட்ட நான்காவது அடி

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவடி சேக்காட்டில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் அவள் வகுப்பிலேயே படிக்கும் மாடி வீட்டுச் சிறுமிக்கும் மறுநாள் தமிழ்த் தேர்வு. டீச்சர் பலகையில் எழுதிப்போட்ட ஒரு போர்க் கவிதையில் எதுகை, மோனை, சந்தம், திரும்ப வரும் அடி எல்லாவற்றையும் எடுத்து எழுத வேண்டும். காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத அந்தச் சிறுமி, கவிதையை எழுதிக்கொள்ள வந்திருந்தாள்.

அவள் அப்பா ராணுவத்தில் இருக்கிறார். எல்லையில் பதற்றம் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாட்களாக அவரிடமிருந்து போன் இல்லை. கவிதையிலோ ஒவ்வொரு பத்தியின் நான்காவது அடியும் ‘எப்போது வருவாய் அப்பா’ என்பதுதான். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? மகளைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, அவள் நோட்டை நானே கையில் வைத்துக்கொண்டு, அந்த அடியை மட்டும் விட்டு, மூன்று மூன்று அடிகளாகச் சொல்லி அந்தச் சிறுமியை எழுத வைத்தேன். மதிப்பெண் குறைந்தால் டீச்சரிடம் நானே பேசிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எழுதியதை அவள் தரையில் தாளம் தட்டிப் பாடிப் பார்த்தாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

“இன்னா ஆன்ட்டி, எதுகைலாம் சரியா கீது, தாளம் மட்டும் நொண்டுது? ஒரு வரி வுட்டுட்டீங்களா?”

“அவ்ளோதாம்மா பாட்டு” என்றேன்.

அதற்குள் திரும்பி வந்த மகள் எட்டிப் பார்த்தாள். “ஐயே, நாலாவது வரியே இல்ல! அதான்டி மெயினு” என்று உரக்கப் படித்தும் காட்டிவிட்டாள்.

அந்தச் சிறுமி அழவில்லை. “எங்கம்மாவும் இப்டித்தான் ஆன்ட்டி. நியூஸ் வந்தா சேனலை மாத்திடும். இன்னா ஆச்சுன்னு கேட்டா, போய்ப் படிங்கும்” என்றாள். விட்டுப்போன அடியை ஒவ்வொரு பத்திக்குக் கீழும் இடுக்கி எழுதினாள்.

‘ஒரே அடி ஏன் திரும்ப வருகிறது?’ என்ற கேள்விக்கு, ‘கருத்துக்கு அழுத்தம் தர’ என்று மகளின் நோட்டில் பதில் இருந்தது. அதைப் பார்த்து அந்தச் சிறுமி சொன்னாள்: “அழுத்தம்லாம் இல்லடி. யாரும் பதில் சொல்லலன்னா, திரும்பத் திரும்பத்தான கேப்பாங்க?”

நான் நோட்டை மூடிவைத்தேன். “அப்பாவைப் பத்தி என்ன கேக்கணுமோ கேளும்மா” என்றேன். நிறையக் கேட்டாள். பலவற்றுக்கு, தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்கே அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மூன்று நாள் கழித்து அவர் போன் செய்துவிட்டார். இப்போதும் என் மகள் கேட்டதையே கேட்டால் முதலில் எரிச்சல்தான் வருகிறது; ஆனால் இத்தனை முறை கேட்கிறாளே, ஒருமுறையாவது நான் பதில் சொன்னேனா என்று உடனே யோசித்துப் பார்க்கிறேன்.