தட்டிவிட்டு நிற்கும் காவலர்

கொட்டுகிற மழையில் ஹைன்ஸ் வீட்டுப் பின்கதவைத் தட்டிவிட்டு நிற்கிறார் காவலர் லியாண்டர் கீப்பிங். உள்ளே சீட்டாட்டச் சத்தம் சட்டென்று அடங்குகிறது.

"யாரு செத்தது?" என்கிறார் ஹைன்ஸ் வீட்டம்மா.

"யாரும் சாகலக்கா. காத்து பலமா அடிக்கப்போவுது, படகை மேல ஏத்திக் கட்டச் சொல்லுங்க."

"அதை உள்ள வந்து சொன்னா வாய் வெந்துடுமா?"

எங்கள் மீன்பிடி ஊரான பர்ன்ட் டிக்கிலில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தள்ளிக்கொண்டு போய், கெட்டில் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். தட்டினால் அது வெளியூர்க்காரர், இல்லையென்றால் துக்கச் செய்தி. கீப்பிங் எங்கள் நியூஃபவுண்ட்லாந்து தீவின் மறுகோடியிலிருந்து வந்தவர்தான்; ஆனால் ஊரோடு ஒட்டிப்போனவர். பேசும்போது காது மடலை இழுத்துவிட்டுக்கொள்வார். மனிதர்களின் பெயர் மறந்துபோகும், அவர்கள் வீட்டு நாயின் பெயர் மறக்காது. அவரும் தட்டாமல் நுழைந்துகொண்டிருந்தவர்தான்.

போன வசந்தத்தில், காணாமல்போன ஒரு படகு எஞ்சினைப் பற்றி விசாரிக்க அம்புரோஸ் ட்ரோவர் வீட்டுக்குப் போனார். சீருடையில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேட்டைக்கு அனுமதியில்லாத அந்த மாதத்தில், சமையலறை மேசையில் முழுசாக ஒரு மூஸ் மான் தொடை கிடந்தது. அம்புரோஸ் கையில் கத்தி.

"கண்ணைக் கொஞ்சம் மூடிக்கயேன், லியாண்டர்."

"பாத்துத் தொலைச்சிட்டேனேய்யா!"

இறைச்சியோடு, மானை ஏற்றி வந்த பிக்கப் வண்டியும் பறிமுதலாயிற்று. அபராதம் கட்ட அம்புரோஸ் தயார்தான். அவர் கவலையெல்லாம் வண்டியைப் பற்றித்தான். மனைவி செலினாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம், பஸ் கிடையாது. அக்கம்பக்கத்தார் முறைவைத்து அவளைக் கூட்டிப்போய் வந்தார்கள். தீர்ப்பு பாதகமானால் வண்டி திரும்பி வராது. குளிர்காலம் முழுக்க யார் கூட்டிப்போவார்கள்?

விசாரணைக்கு முன்னால் கீப்பிங்கின் மேலதிகாரி அவரைத் தனியே அழைத்தார். "உள்ளேருந்து யாரோ 'வா'ன்னு கூப்பிட்ட மாதிரி இருந்திருக்குமே? நல்லா யோசிச்சுப் பாரு." கீப்பிங் காதை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நீதிமன்றத்தில் அம்புரோஸின் வக்கீல் கனடாவின் உரிமைச் சாசனத்தைக் கையில் எடுத்தார். போலீஸ் தகுந்த காரணமும் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் போகக் கூடாது. போய்ப் பார்த்ததைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்றார். பிறகு கூண்டில் நின்ற கீப்பிங்கைப் பார்த்து, "கதவைத் தட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"யாராவது உள்ள கூப்பிட்டாங்களா?"

"யாரும் கூப்பிடலைங்க. நானாத்தான் போனேன்."

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரர் தட்டாம வரலாம், மிஸ்டர் கீப்பிங். அரசாங்கம் அப்படி வரக் கூடாது." இறைச்சி சாட்சியத்திலிருந்து நீக்கப்பட்டது. அது இல்லாமல் வழக்கு ஏது? கையும் களவுமாகப் பிடிபட்ட அம்புரோஸ் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேலதிகாரி கோடை முழுக்க கீப்பிங்கிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பொய் போதும், அவருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அதைச் சொல்லாத மனிதர் எங்கள் ஊருக்கு வாய்த்ததை நினைத்தால் மனசு நிறைகிறது.

பிடித்தவனுக்கே எப்படி நன்றி சொல்வது என்று அம்புரோஸுக்குத் தெரியவில்லை. கடையில் எதிர்ப்பட்டபோது, "அது வந்து, அன்னிக்கு நீ..." என்று இழுத்தார்.

"வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"பிரேக்கைப் பாத்துக்க." அதோடு சரி.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து கீப்பிங் எந்த வீட்டிலும் தட்டிவிட்டுத்தான் நிற்கிறார். போன வாரம் ட்ரோவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்புரோஸ் எழுந்தார்.

"நீ உக்காரு" என்றாள் செலினா.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாள். அந்த நாட்களில் அவள் நாற்காலியை விட்டு அசைவதில்லை. மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று வந்தாள். வெளியே அவர் பொறுமையாகக் காத்திருந்தார். கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வா, ராசா."

கீப்பிங் தொப்பியைக் கழற்றினார். அவள் அவர் கையை எடுத்துத் தன் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முழு பாரத்தையும் அவர் மேல் சாய்த்தபடி மேசைக்குத் திரும்பி நடந்தாள்.