ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — நான் ஒரு முட்டாள். என் மனைவி சாந்தி இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரியவந்தது போன வாரம்தான்.

மகள் நித்யா ஜெர்மனியில் பிஎச்.டி. செய்கிறாள். ஸ்டைபண்ட் உண்டு. அதை ரூபாயில் பெருக்கி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். ஆனால் அவள் செலவு செய்வது ரூபாயிலா? பாதி ரூம் வாடகைக்குப் போய்விடும். மிச்சத்தில் இன்ஷூரன்ஸ், குளிருக்கு ஜாக்கெட்... அங்கே ஹோட்டலில் ஒரு மசால் தோசை சாப்பிடுகிற காசுக்கு இங்கே எங்கள் தெருவே சாப்பிடும்!

வரவையும் பெருக்கி, செலவையும் பெருக்கி... வெளிநாட்டில் பிள்ளை படிக்கிற அப்பாக்களுக்கெல்லாம் இந்தப் பெருக்கல் வியாதி உண்டு. எனக்கு முற்றிவிட்டது. கோயமுத்தூர்க்காரன் மூளை முற்றினால் எங்கே போய் நிற்கும்? கிரைண்டரில்தான்.

லீவுக்கு வந்தவள் திரும்பும்போது, சிங்காநல்லூரில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். எடை கூடிவிட்டது. அவளுடைய புத்தகங்களை எடுத்து வெளியே வைத்தேன்.

"ஏனுங்ப்பா, நான் படிக்கப் போறனுங்களா, மாவாட்டப் போறனுங்களா?"

"ரெண்டுக்குந்தான் கண்ணு. புஸ்தகம் அங்க லைப்ரரில கெடைக்கும். கல்லு கெடைக்குமா?"

அவள் புத்தகங்களை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். எனக்கு என்ன ஒரு பெருமை!

போன வாரம் போன் வந்தது. குரலே சரியில்லை. மாவாட்டுகிற சத்தம் தாங்கவில்லை என்று ஹாஸ்டல் ஆபீஸுக்கு யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். புகார் வாபஸ் ஆகாவிட்டால் ரூமைக் காலி செய்யவேண்டி வருமாம். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தமே போடக்கூடாதாம். இவள் ஞாயிறு காலையாகப் பார்த்து ஆட்டியிருக்கிறாள். நம்மூரில் ஞாயிறு கிரைண்டர் ஓடாவிட்டால்தான், 'ஊட்ல ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?' என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்!

சிரிக்கிற விஷயமில்லை. அது மாணவர்களுக்கான சலுகை வாடகை ரூம். ஒரு வருஷம் வெயிட்டிங் லிஸ்டில் கிடந்து கிடைத்தது. அதை விட்டு வெளியே போனால் ஸ்டைபண்ட் மொத்தமும் வாடகைக்கே சரியாகிவிடும். அப்புறம் கிரைண்டர் எதற்கு? ஊற வைக்க அரிசியே இருக்காது.

"எவன் அம்மணி புகார் குடுத்தவன்?"

கீழ் ரூம் பையன். சிலி நாட்டுக்காரன், பெயர் மத்தேயோ. அவனும் பிஎச்.டி.தான்.

"அவனும் பொழைக்கப் போனவந்தானே? இப்படிப் பண்ணலாமா?" என்று குதித்தேன்.

"அவனுக்கு ஃபண்டிங் முடிஞ்சுபோச்சுங்ப்பா. தீசிஸ்தான் முடியலைங்க. ராத்திரியெல்லாம் பேக்கரில வேலை செஞ்சுபோட்டு, காலைலதான் வந்து படுக்கறான்."

குதித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பணம் கொடுக்கிறவர்கள் இத்தனை வருஷம் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அது ஆராய்ச்சிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அவன் தலைமாட்டில் கொண்டுபோய் நான் கல்லை உருட்டியிருக்கிறேன்...

நித்யாவே நான்கு இட்லியோடு கீழே போய் மன்னிப்புக் கேட்டாள். இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம், அவன் வெளியே போன பிறகுதான் ஆட்டுவது என்று பேசி முடித்தார்கள். அவன் புகாரை வாபஸ் வாங்கினான். ரூம் தப்பியது.

இட்லியில் மயங்கிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். 'பாத்திரம் கழுவற ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கு' என்றானாம்!

எனக்கு மனசு ஆறவில்லை. வீடியோ காலில் அவனைக் கூப்பிடச் சொன்னேன். ஒடிசலான பையன், கண்ணெல்லாம் தூக்கம். என் இங்கிலீஷ் 'வெரி வெரி சாரி'யோடு தீர்ந்துபோனது. மீதியை நித்யா மொழிபெயர்த்தாள்.

"தீசிஸை முடிச்சுப்போட்டு நம்மூருக்கு வரச் சொல்லு கண்ணு. நம்ம ஊட்லயே தங்கிக்கட்டும். எத்தனை மாசம் வேணும்னாலும் இருக்கட்டும். வாடகை கெடையாது. நல்லாத் தூங்கச் சொல்லு!"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். என்னவோ கேட்டான். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னன்றான்?"

"உங்க ஊட்ல கிரைண்டர் இருக்குதுங்களான்னு கேக்கறானுங்ப்பா."