ஐந்தாம் மேசையில் பச்சை

ஔத்ரோனேவுக்குக் கோணல் என்றால் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவாள். தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்து நின்றால் போதும், அன்றைக்கு அவளுக்கு ஜெபம் ஓடாது. நார்வேயில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது, "அம்மா, என் பின்னாடி இருக்கற திரைச்சீலையைப் பாக்காத, என்னைப் பாரு" என்று கத்துவாள். இப்படிப்பட்டவளுக்கு வில்னியஸில் லேசர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது அவளுடைய அதிர்ஷ்டமா, லேசர்களுடைய அதிர்ஷ்டமா என்று சொல்வது கஷ்டம். இருபத்தாறு வருஷமாக ஒரே இடம்: பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடி, மாணவர்களுக்கான ஆய்வுக்கூடம், ஆறு மேசைகள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வாசலில் இருக்கும் பீங்கான் தட்டில் போடுவாள். அவற்றில் ஒளி பட்டுத் தெறித்தால் கண் போய்விடும் என்பதால் யாராக இருந்தாலும் அந்தத் தட்டைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். பிறகு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாக நேர் பார்ப்பாள். லேசருக்குள் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. காசு அளவேயான இரண்டு ஆடிகள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் இருட்டுதான். திருகுகளைத் தொட்டுத் தொட்டுத் திருப்பி, சரியான இடம் வந்ததும் வெள்ளை அட்டையில் சட்டென்று ஒரு பச்சைப் புள்ளி விழும். அந்த மாடியில் வணக்கம் சொல்வதைவிட, "பச்சை வந்துச்சா?" என்று கேட்பதுதான் அதிகம்.

ஒன்பது மணிக்குள் ஆறு மேசையிலும் பச்சை வந்திருக்கும். மாணவர்கள் வருவார்கள், பட்டனை அமுக்குவார்கள், பன்னிரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி போவார்கள். எல்லாருக்கும் நல்ல மதிப்பெண். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், எய்மாந்தஸ் வந்து சேரும்வரை. இதே ஆய்வுக்கூடத்தில் படித்தவன். ஜெர்மனியில் பத்து வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டு, போன இலையுதிர் காலத்தில் விரிவுரையாளனாகத் திரும்பி வந்தான். முதல் நாளே ஒரு பொட்டலம் காப்பித்தூளோடு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு உதவி வேணும். இனிமே காலைல வந்ததும் ஆறு மேசையையும் கெடுத்து வைக்கணும்."

"என்ன பண்ணி வைக்கணும்?"

"கெடுத்து. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு குறை. அதை அவங்களே தேடிக் கண்டுபிடிச்சுப் பச்சையை வரவழைக்கட்டும்."

"தம்பி, ஜெர்மனில சாப்பாடு சரியில்லையோ?"

அவன் சிரித்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

"இதோ, மூணாவது மேசை. இங்கதான் பட்டனை அமுக்கினேன். பத்துக்குப் பத்து வாங்கினேன். ஜெர்மனி போனதும் வெறும் மேசையைக் காட்டி, லேசரைக் கட்டுன்னாங்க. பதினோரு நாள், அக்கா. பச்சை வரல. கழிவறைல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்."

அந்தப் பதினோரு நாள் ஔத்ரோனேவைச் சுருக்கென்று குத்தியது. பிள்ளைகளுக்கு எல்லாம் தயாராக எடுத்து வைக்கிறோம் என்று இருபத்தாறு வருஷம் பெருமைப்பட்டிருந்தாள். ஊட்டி ஊட்டியே கையை முடக்கிவிட்டோமோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

ஆக, கெடுக்க ஆரம்பித்தாள். எய்மாந்தஸ் முந்தின நாளே பட்டியல் கொடுத்துவிடுவான்: ஒரு மேசையில் திருகைக் கால் சுற்று, ஒன்றில் லென்ஸைத் திருப்பிப் போடு, ஒன்றில் ஒளியைப் பச்சையாக்கும் படிகத்தைச் சாய்த்து வை. நேராக இருப்பதை வேண்டுமென்றே கோணலாக்குவது அவளுக்கு எச்சில் தட்டில் சாப்பிடுவதுபோல் இருந்தது. ஆனால் கொட்டாவி விட்ட கூட்டமா இது! சண்டை போட்டார்கள், பந்தயம் கட்டினார்கள், சாப்பாட்டு மணியை மறந்தார்கள். பச்சை வந்ததும் ஒரு பெண் மேசையைச் சுற்றி ஆடியே விட்டாள். ஔத்ரோனே மூலையில் லென்ஸ் துடைக்கிற சாக்கில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பாள். முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

சனிக்கிழமை வகுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு. அதில் வந்தவள்தான் வில்யா. நாற்பத்து மூன்று வயது. நகருக்கு வெளியே ஒரு லேசர் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக ஆடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாட்டில் பழக்கம் ஏற்பட்டது. வில்யா கறுப்பு ரொட்டியும் உப்பில் ஊறிய காளானும் கொண்டுவருவாள். ஔத்ரோனே பீட்ரூட் சூப்பைச் சூடு பண்ணுவாள்.

"ஒரு ஆடி எப்படி இருக்கும்னு என்னைக் கேளுங்க, சொல்றேன். அது என்ன செய்யும்னு கேட்டா தெரியாது, அக்கா. பட்டுத்துணில குழந்தையைச் சுத்தற மாதிரி சுத்தி ஜப்பானுக்கு அனுப்புவேன். அங்க போய் என்ன வேலை பாக்குதோ."

"அதுக்காகவா படிக்க வந்தே?"

"சும்மா இல்லையே. இந்த ஆய்வுப் பாடம் தேறிட்டேன்னா பொருத்துற பிரிவுக்கு மாத்தறேன்னு சொல்லியிருக்காங்க. பிப்ரவரி வரைக்கும் இடத்தை வச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் வேற ஆள்."

வில்யா மெதுவானவள். மற்றவர்கள் மூன்றாவது திருகுக்குப் போகும்போது இவள் முதல் திருகையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். டிசம்பர் தேர்வில் அவளுக்கு விழுந்த குறை, ஆடியின் மேல் ஒரு விரல் ரேகை. ஒன்றரை மணி நேரம் எல்லாவற்றையும் தேடினாள்; ஆடியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தோற்றாள்.

"ஆடி மேல விரலை வைக்கிற மனுஷங்க உலகத்துல இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல, அக்கா" என்றாள் வெளியே வந்து. பதினெட்டு வருஷம் ஓரத்தைத் தவிர எங்கும் தொடாதவளுக்கு எப்படித் தோன்றும்?

அந்த விரல் ஔத்ரோனேவுடையது. பட்டியலில் எழுதியிருந்தது, வைத்தாள். அன்று இரவு அவளுக்குச் சூப் இறங்கவில்லை.

மறுதேர்வு ஜனவரி கடைசி சனிக்கிழமை. அதுதான் கடைசி வாய்ப்பு. எழுதுகிறவள் வில்யா ஒருத்தி மட்டும். ஐந்தாம் மேசை. எய்மாந்தஸின் சீட்டில் ஒரே வரி: இரண்டாவது ஆடி, மேல் திருகு, கால் சுற்று. ஔத்ரோனே காலையில் ஐந்தாம் மேசையை நேர் பார்த்தாள். பச்சை வந்தது, நல்ல பிரகாசமாக. திருகில் கை வைத்தாள். கால் சுற்று திருப்பினாள். பச்சை போயிற்று. அந்த வெறும் அட்டையைப் பார்த்தபோது டிசம்பரில் வெளியே வந்த வில்யாவின் முகம் கண்முன் வந்தது. திருகைத் திரும்பவும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். போகட்டும், சுவிட்சைப் போட்டதும் பச்சை வரும்; பாவம், சந்தோஷமாகப் போவாள் என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

பத்து மணிக்கு வில்யா வந்தாள். மோதிரத்தைத் தட்டில் போட்டாள். எய்மாந்தஸ் நேரத்தைச் சொல்லிவிட்டு எதிரறைக்குப் போனான். ஔத்ரோனே நடைபாதையில் நின்று கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தாள்.

வில்யா சுவிட்சைப் போட்டாள். பச்சை வந்தது. ஔத்ரோனேவுக்கு மூச்சு வந்தது.

வில்யா சந்தோஷப்படவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். நாலு மாதமாக இந்த அறையில் குறையில்லாத மேசையை அவள் பார்த்ததே இல்லை. பச்சை தெரிகிறதென்றால் குறை அதைவிட நுணுக்கமான இடத்தில் ஒளிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்! குனிந்து ஆடியின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். லென்ஸைப் பார்த்தாள். படிகத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம் தேடினாள். பிறகு, வேறு வழி தெரியாமல், இரண்டாவது ஆடியின் திருகைத் திருப்பினாள்.

"தொடாதடி, தொடாத" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஔத்ரோனே முணுமுணுத்தாள்.

பச்சை போயிற்று. வில்யா பதறித் திருப்பித் திருகினாள், வரவில்லை. அடுத்த திருகு. முதல் ஆடி. அதுவும் பிசகியது. கால் சுற்றுக் குறை என்ன பெரிய குறை! இப்போது மேசை மொத்தமும் கலைந்து கிடந்தது.

ஔத்ரோனே எதிரறைக்கு ஓடினாள். எல்லாவற்றையும் கொட்டினாள். எய்மாந்தஸ் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"தேர்வு செல்லாது, அக்கா. இன்னொரு நாள் வைக்கலாம். ஆனா மார்ச்சுக்கு முன்னாடி அலுவலகத்துல நாள் குடுக்க மாட்டாங்க."

மார்ச். பிப்ரவரியோடு வில்யாவின் இடம் போய்விடும். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வில்யா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"வில்யா, அதுல குறையே இல்லடி. நான்தான் வைக்காம விட்டுட்டேன்."

வில்யா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

"ஏன்?"

ஔத்ரோனே மேசை ஓரத்தில் கிடந்த தேர்வுத் தாளை நேராக்கினாள்.

"என்னால முடியாதுன்னு நெனச்சீங்க."

பொய் சொல்ல எவ்வளவோ வழி இருந்தது.

"ஆமா" என்றாள் ஔத்ரோனே.

எய்மாந்தஸ் தொண்டையைச் செருமினான். "இப்பக் கலைஞ்சு கிடக்கறதையே குறையா எடுத்துக்கலாம், பச்சை வந்தா தேர்வு செல்லும். வேணாம்னா நிறுத்திடலாம், வில்யா. உங்க மேல தப்பில்ல."

"எத்தனை நிமிஷம் இருக்கு, சார்?"

"நாற்பத்தொண்ணு."

"அப்ப வெளில போங்க ரெண்டு பேரும்."

போனார்கள். கண்ணாடிச் சதுரத்தில் இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. வில்யா முதலில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். பிறகு சரிசெய்யப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு ஆடிகளையும் கழற்றியே எடுத்துவிட்டாள்.

"ஐயோ" என்றாள் ஔத்ரோனே.

"உஷ்" என்றான் எய்மாந்தஸ். "அப்படித்தான் செய்யணும். அங்க எனக்குப் பதினோராம் நாள்தான் அது புரிஞ்சுது."

வழிகாட்டும் சிவப்புக் கதிரை மட்டும் ஓடவிட்டாள் வில்யா. ஓட்டை போட்ட அட்டையை நடுவில் நிறுத்தினாள். ஓட்டை வழியாகப் போகும் சிவப்பு ஆடியில் பட்டு அதே ஓட்டைக்குத் திரும்பி வரவேண்டும். முதல் ஆடியை ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பொருத்தினாள். திருகுக்குப் பயந்த கை, ஆடியை எடுத்ததும் பயத்தை மறந்துவிட்டது. லட்சம் ஆடிகளை எடுத்து வைத்த கை அல்லவா! சிவப்புப் புள்ளி அட்டையில் தள்ளாடி, நகர்ந்து, ஓட்டைக்குள் போய் மறைந்தது. பிறகு இரண்டாவது ஆடி. அவசரமே இல்லை. மெதுவானவள் என்று எல்லாரும் சொன்ன அந்த மெதுவைத்தான் அந்தத் திருகு கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழு நிமிஷம் மிச்சமிருக்கும்போது பச்சை வந்தது.

வில்யா கத்தவில்லை, ஆடவில்லை. அட்டையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஔத்ரோனே அழுதாள். முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

தாளில் 'குறை என்ன?' என்ற இடத்தில் வில்யா எழுதியிருந்தாள்: 'எதுவும் இல்லை. நல்ல ஒளியை நம்பாமல் நானே கலைத்தேன். பிறகு முதலிலிருந்து கட்டினேன்.' எய்மாந்தஸ் அதை இரண்டு தரம் படித்துவிட்டு ஒன்பது போட்டான்.

"பத்து போடலாமில்ல?" என்றாள் ஔத்ரோனே.

"அக்கா, நீங்க பேசாதீங்க." சிரித்துக்கொண்டே தாளை எடுத்துக்கொண்டு பதிவு செய்யப் போனான்.

வில்யா வாசலில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஔத்ரோனே ஐந்தாம் மேசைக்கு வந்தாள். பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அட்டையில் புள்ளி முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. மேல் திருகை ஒரு நூல் தள்ளினால் போதும். அவள் கை தன்னால் நீண்டது. பாதியில் நின்றது. மேலங்கிப் பைக்குள் போயிற்று.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வில்யா வந்து பக்கத்தில் நின்றாள்.

"கொஞ்சம் கோணலா இருக்குல்ல, அக்கா?"

"இருக்கு."

"உங்களுக்குக் கை அரிக்குமே."

"அரிக்குது."

வில்யாவின் கை, மோதிரத்தோடு, ஔத்ரோனேவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்டி" என்றாள் ஔத்ரோனே.