அம்மா பீடி பிடிக்கவில்லை

எனக்கு அறுபத்தெட்டு வயது. நான் வளர்த்த பிள்ளைகள் ஏழு பேர். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், மூன்று பேர் என் தங்கை விட்டுப் போனவர்கள். ஏழு பேரும் படித்து வேலையில் இருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனாலும் எழுதுவேன்.

போன வாரம் ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு நெஞ்சுப் பரிசோதனைக்கு வந்த நர்ஸ் பெண், பீடி சுருட்டு பழக்கம் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் அதோடு விடவில்லை. சின்ன வயதில் வீட்டில் யார் பிடித்தார்கள், அடுப்பில் எதை எரித்தீர்கள் என்றும் கேட்டாள். "பீடியே தொடாதவங்களுக்கும் நுரையீரல்ல புத்து வரும் ஆயா. பக்கத்துல ஒருத்தர் ஊதுற பொகை, அடுப்புப் பொகை, இதெல்லாம்கூட காரணமாவலாம்" என்றாள். இந்தக் கேள்விகளை என் ஒன்பதாவது வயதில் யாராவது கேட்டிருக்கலாம்.

அப்போது அம்மாவுக்கு இருமல். ஒரு நாள் எச்சிலில் ரத்தம் வந்தது. அப்பா வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்று என்றார். பீடி பழக்கம் உண்டா என்று அம்மாவைக் கேட்டாராம். அம்மா இல்லை என்றாளாம்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, நோயை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு சும்மா கேப்பாரா? ஒளிஞ்சி ஒளிஞ்சி பிடிச்சிருக்கா. கணியம்பாடிக்கு அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிடு. அவங்களே வைத்தியம் பாக்கட்டும்."

"நான் ஒரு நாளும் பாத்ததில்லியேக்கா" என்றார் அப்பா. அடுப்படியில் உட்கார்ந்து பீடியை ஊதிக்கொண்டேதான் சொன்னார்.

கணியம்பாடியில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. அது எனக்கே தெரியும். அத்தை என்னைக் கூப்பிட்டாள். "எட்டு நாளு பள்ளிக்கூடம் போவாத. உங்கம்மாவ வுட்டு நகராம இரு. பாத்தத சொல்லு. பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் வழக்குக்கு நான் காவல்.

எங்களுக்கு இருந்தது ஜன்னல் இல்லாத ஒரே அறை. அப்பா வேலை செய்த தோல் பதனிடும் டேனரியில், வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை அடுப்பெரிக்க அள்ளிக்கொள்ளச் சனிக்கிழமைதோறும் வேலையாட்கள் வீட்டுப் பிள்ளைகளை விடுவார்கள். விறகு விலை ஜாஸ்தி, தோல் சும்மா. தெருவில் என்னைவிடப் பெரிய மூட்டை கட்டுகிற பிள்ளை கிடையாது. தோல் லேசில் பற்றாது. ஊதாங்குழலை வைத்து ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பற்றினால் முடி கருகின நாற்றம். கூரை தாரைப் பூசினதுபோல் ஒட்டும்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்திருந்தேன்.

"இன்னாடி, என் வாயயே பாத்துனு இருக்கற? அங்க சினிமாவா ஓடுது?" என்று சிரித்தாள் அம்மா. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

"அத்த பாக்கச் சொன்னாங்க."

"பாரு, நல்லாப் பாரு. எனக்கு நீதான் சாட்சி. கொஞ்சம் வாசப்பக்கம் தள்ளி உக்காந்து பாரு, கண்ணு எரியுது பாரு உனக்கு."

நான் நகரவில்லை. நகர்ந்த நேரத்தில் பீடி பற்றவைத்துவிட்டால்?

எட்டாம் நாள் எல்லோர் முன்னாலும் அத்தை கேட்டாள்.

"வாயில ஊதாங்குழல்தான் வெச்சாங்க. பீடி வெக்கல" என்றேன்.

"பொடவ நாறுதே, அது?"

"அது அப்பா பக்கத்துல குந்திப் பிடிச்சது."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வக்கீலு வூட்டுப் பொண்ணாட்டம் பேசுது. சரி, இங்கியே இருந்து வைத்தியம் பாக்கட்டும்" என்றாள். அம்மா கரிக்கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஜெயித்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சனிக்கிழமை அம்மாவுக்காக இரண்டு மூட்டை கட்டினேன். இழுக்க முடியாமல் இழுத்து வந்து அடுப்புப் பக்கத்தில் அடுக்கினேன்.

வைத்தியம் பார்த்தோம். பொங்கலுக்கு முன்னால் அம்மா போய்விட்டாள்.

எந்தப் புகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றாள் நர்ஸ் பெண். இருக்கட்டும். எட்டு நாளும் அந்தப் புகைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் நான் தேடியது பீடியை.

இந்தா பேத்தி கண்ணு, இதை வாங்கிப் படி. எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிடு. அம்மா பீடி வைக்கவில்லை என்று சொன்ன இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி.